தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டவன் தென்காசித் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வெளியே சொல்ல வெட்கப்பட்ட விஷயம். ஐம்பது வயதுக்கு மேல் வெட்கமும் முடி மாதிரி தானாகக் கொட்டிவிடுகிறது. இதில் கூடுதல் கேவலம் என்னவென்றால், அந்த எண்ணெய் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இலஞ்சியில் தன் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டித் தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தது. தங்கச்சி தலைக்குத் தேய்க்க என்று கொடுத்த எண்ணெயை வைத்து அவர் உயிரோடு நான் விளையாடிய கதை இது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. தென்காசியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. செத்துப்போனவர்களின் காகிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும். 'மரணத்துக்குக் காரணம்' என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். மாரடைப்பு, பாம்புக்கடி, தென்னையிலிருந்து விழுந்தது, அருவியில் வழுக்கியது. வருஷக்கணக்காக அந்தக் கட்டத்தைப் படித்த ஒருவனுக்குக் கொஞ்சமாவது ஜாக்கிரதை வந்திருக்க வேண்டும். எனக்கு நல்ல கையெழுத்து மட்டும்தான் வந்தது.

துப்பாக்கி, செங்கோட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. பாயிண்ட் டூ டூ ரகம், சின்னக் குண்டு. ஒரு சமயத்துக்கு ஒரே குண்டு. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு பிடி உண்டு, போல்ட் என்பார்கள். அதைப் பின்னுக்கு இழுத்துக் குண்டை வைத்து, முன்னால் தள்ளி மடக்கி, விசையை இழுத்தால் சுடும். லைசென்ஸ் வாங்கக் கலெக்டர் ஆபீஸ் படிகளை எவ்வளவு ஏறினேன் என்பது வேறு கதை. எதற்கு இந்த ஆசை என்று அப்போது பலர் கேட்டார்கள். நான் படித்த புத்தகங்களில் நிதானமான மனிதர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தால் நிதானம் வந்துவிடும் என்று நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

குற்றாலம் மலையடிவாரத்தில், கைவிட்ட கல்குவாரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் கூடிக் குறி சுடுவோம். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர்தான் செயலாளர். ஐம்பது கஜ தூரத்தில் சட்டத்தில் அட்டை கட்டி, அட்டையில் கறுப்பு வட்டம். அட்டைகளுக்குப் பக்கத்தில் இடுப்பளவு பள்ளம். அந்தப் பள்ளத்துக்காரர்தான் என் மச்சான். சுடும்போது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்வார். சுட்டு முடிந்ததும் மேலே வந்து, குண்டு எங்கே பட்டது என்று கூவிவிட்டு, சிரட்டையில் கொண்டுவந்த மைதாப் பசையைத் தொட்டு ஓட்டைகளில் காகிதம் ஒட்டுவார். அவருக்குத் துப்பாக்கியில் அக்கறை கிடையாது. சுட்டு முடித்து ஐந்தருவியில் குளித்து, கீழே வந்து சூடாக இட்லி தின்னலாம் என்பதற்காக வருகிறவர்.

என் குண்டுகள் எங்கே போயின என்று சொல்ல அவர் தனியாக ஒரு பூகோளமே வைத்திருந்தார். வலது பக்கம் விலகினால் செங்கோட்டை. இடது பக்கம் விலகினால் குத்துக்கல்வலசை. தாழ்ந்து மண்ணைக் கிளப்பினால் இலஞ்சி. "மாப்ளே, ரெண்டு செங்கோட்டை, ஒண்ணு இலஞ்சி. மிச்ச ரெண்டும் ஊருக்கே வந்து சேரல" என்று குவாரி எதிரொலிக்கக் கூவுவார். மற்றவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சுபேதார் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் சிரிக்காததுதான் அதிகம் வலித்தது.

என் கையில் கோளாறு என்று ஒத்துக்கொள்கிற வயதில்லை அது. துப்பாக்கியில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன்.

முதலில் கன்னம் பதிக்கிற இடத்தில் ஆசாரி ஒருவரைக் கொண்டு வாகைக் கட்டை வைத்து உயரம் கூட்டினேன். பிறகு தோளோடு இறுக்கிக் கட்ட ஒரு தோல்வார். அதன்பின் குறிபார்க்கிற இடம். பழைய பள்ளம் வெட்டிய தகட்டை எடுத்துவிட்டு, நடுவே ஊசித்துளை உள்ள ஒரு வட்டத் தகட்டைப் பின்னால் பொருத்தினால் கண் அலையாது என்று படித்திருந்தேன். தென்காசியில் லேத் பட்டறை வைத்து மோட்டாரும் தையல் மிஷினும் பழுது பார்த்த பாய், அதை மூன்று நாளில் கடைந்து கொடுத்தார். கைக்கடிகாரத்துக்குச் செய்கிற மாதிரி வேலை. துளைக்குள் கண்ணை வைத்தால் கறுப்பு வட்டம் மட்டும் தெரியும். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. அதுதான் அதன் சிறப்பு என்று அன்று நினைத்தேன்.

விசை மட்டும் பாக்கி. இழுக்க ரொம்பக் கனம். இழுக்கிற இழுப்பில் குழாய் ஆடிவிடும். உள்ளே ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. போல்ட்டை மூடும்போது அது மேலெழுந்து சுடுகிற ஊசியைப் பிடித்து நிறுத்தும். விசையை இழுத்தால் கொக்கி விடும், ஊசி பாயும். அந்தக் கொக்கியைக் கொஞ்சம் இளக்கிக் கொடுங்கள் என்று பாயிடம் கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியை என் பக்கமே தள்ளி வைத்தார்.

"சார், தையல் மிஷின்ல ஊசி தானா எறங்குனா வெரலு போவும். இதுல தானா எறங்குனா என்ன போவும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீங்களும் அதில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி, ஒரு சின்னக் குப்பியில் மிஷின் ஆயில் ஊற்றிக் கொடுத்தார். இதை மட்டும் போடுங்கள், வேறு எதுவும் போடாதீர்கள் என்றார். கேட்காமல் புத்தி சொல்கிறவர்கள் எல்லோரையும் போலவே அவரையும் மதித்தேன். குப்பியை வீட்டில் மனைவியின் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு மறந்தேன்.

வேலையை நானே செய்தேன். சவரக் கத்தி தீட்டுகிற கல்லில் கொக்கியின் விளிம்பை இழைத்தேன். கொக்கியை மேலே தள்ளுகிற ஸ்பிரிங் முரடாக இருந்தது. அலுவலகப் பேனாவுக்குள் இருந்த ஸ்பிரிங் கச்சிதமாகப் பொருந்தியது. எண்ணெய் போட வேண்டிய நேரத்தில் குப்பி காலி. மனைவி தன் தையல் மிஷினுக்குப் போட்டு முடித்துவிட்டிருந்தாள். சமையலறையில் மச்சான் கொண்டுவந்த தூக்குவாளி இருந்தது. எங்கள் ஊரில் கதவு கிரீச்சிட்டாலும், உதடு வெடித்தாலும், ஆப்பச்சட்டி ஒட்டினாலும் மருந்து ஒன்றுதானே. ஒரு கரண்டி தாராளமாகவே ஊற்றினேன்.

பிறகு தினமும் ஆபீஸ் விட்டு வந்து, சாயங்கால வெயிலில் கொல்லைப்புறம் உட்கார்ந்து வெறும் துப்பாக்கியை மூடி, விசையைத் தொட்டுப் பார்ப்பேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. இழுக்கவே வேண்டாம், நினைத்தாலே போதும். நூறு தடவை பார்த்தேன். ஒரு தடவை கூடப் பிசகவில்லை. நூறு தடவையும் வெயிலில் பார்த்தேன் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் மனைவி பீரோக் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாள். மூலையில் மூடிச் சாத்தி வைத்திருந்த துப்பாக்கிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டு இல்லை. யாரும் தொடவில்லை. ஊசி தானாக இறங்கியிருந்தது.

என்ன சத்தம் என்று கேட்டாள். பல்லி என்றேன்.

எந்த மூலையில் சொன்னது என்று அடுத்த கேள்வி வந்தது. துப்பாக்கி இருந்த மூலையைக் காட்டினேன். அவள் பஞ்சாங்கத்தை எடுத்து, எந்தத் திசைப் பல்லிக்கு என்ன பலன் என்று விரல் வைத்துப் பார்த்தாள். படித்துவிட்டு மூடி வைத்தாள். என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இதுபோன்ற விஷயங்களில் நம்பிக்கை இல்லாதவன் நான். ஆனால் கொக்கியை மறுபடி பழைய ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொங்கல் கோப்பைப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாற்றவில்லை.

மார்கழிக் கடைசி ஞாயிறு. விடிந்தும் விடியாத நேரம், நல்ல குளிர். குளிக்கப் போனவனை மனைவி நிறுத்தினாள்.

"இங்கேருங்க, எண்ணெய் உறைஞ்சு கட்டியாக் கெடக்கு. வெந்நிக்குள்ள வச்சிருக்கேன். கொஞ்சம் பொறுத்துத் தேச்சுக்கிடுங்க."

பொறுத்தேன். வெந்நீர்ச் செம்புக்குள் கிண்ணம் மிதந்தது. வெள்ளைக் கட்டி ஓரத்திலிருந்து மெல்லக் கண்ணாடியாக மாறுவதை நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக ஓர் எச்சரிக்கையை யாரும் வெந்நீரில் வைத்து நீட்டியதில்லை. அதைத் தலையில் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன்.

துப்பாக்கியை ஜமுக்காளத்தில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் போனேன். பஸ் முழுக்கக் கறுப்பு வேட்டி ஐயப்ப சாமிகள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கண்டக்டர் மெதுவாகக் கேட்டார். தலையை எப்படியோ ஆட்டினேன்.

குவாரியில் பனி இறங்கியிருந்தது. மச்சான் முன்னாலேயே வந்து சிரட்டையில் பசை கலக்கிக்கொண்டிருந்தார். காதை மூடிப் பச்சைக் கம்பளி மஃப்ளர் சுற்றி, ஒரு முனையைத் தோளில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். தை மாதம் அவர் மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைக்கு எழுதிய மாதிரி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. இங்கே முடிந்ததும் தென்காசியில் அச்சாபீசில் கொடுக்க வேண்டும், பிழை இருக்கிறதா என்று பாரும் என்றார். என் பெயரை 'தாய்மாமன்' வரிசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தார். பிழை இல்லை என்றேன். பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தார்.

அவரிடம் எவ்வளவோ கெஞ்சியும் ஒரு பாலிசி எடுக்கவில்லை என்பது அந்த நேரத்தில் ஏனோ ஞாபகம் வந்தது. "எனக்கு என்னவே ஆவப்போவுது" என்பார் எப்போதும்.

போட்டி விதி எளிது. முதலில் ஆளுக்கு ஐந்து குண்டு பழக்கத்துக்கு, கணக்கில் வராது. எல்லோரும் முடித்த பிறகு கணக்குக்குப் பத்து. சீட்டில் என் பெயர்தான் முதலில் வந்தது. ஜமுக்காளத்திலிருந்து எடுத்த துப்பாக்கி என் உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது. ஐந்தும் ஒழுங்காகச் சுட்டது. ஒழுங்காகப் பட்டது என்று சொல்லவில்லை. மூன்று செங்கோட்டை, ஒரு குத்துக்கல்வலசை, ஒரு இலஞ்சி.

துப்பாக்கியை ஈரப்பாறைமேல் கிடத்திவிட்டு மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. பாறையில் கை வைத்தால் விறைத்தது. உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கிண்ணத்துக்குள் நடந்ததுதான், தலைகீழாக.

பழக்கம் முடிந்தது. சுபேதார், எல்லோரும் போல்ட்டைத் திறந்து வையுங்கள், யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, அடுத்தவர் ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி வாங்கத் திரும்பினார். மச்சான் மேலே வந்து ஓட்டைகளை ஒட்டினார். ஒட்டி முடித்துப் பள்ளத்துப் பக்கம் திரும்பி நடப்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பத்துக் குண்டுக்குப் பத்து நிமிஷம். குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது. உத்தரவு வருவதற்குள் முதல் குண்டை உள்ளே வைத்துக்கொண்டால் அரை நிமிஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். சாக்கில் குப்புறப் படுத்து, குண்டை வைத்து, பாய் செய்த துளைக்குள் கண்ணை வைத்தேன். கறுப்பு வட்டம் அசையாமல் நின்றது. அதைத் தவிர எதுவும் இல்லை.

ஈரத்தில் ஒரு காகிதம் பிய்ந்து தொங்கியதைப் பார்த்து மச்சான் அட்டைக்குத் திரும்பி வந்திருந்தார். பக்கவாட்டில் குனிந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். அது அந்தத் துளைக்கு வெளியே நடந்தது.

போல்ட்டை முன்னால் தள்ளி மடக்கினேன். வெடித்தது.

என் விரல் விசையில் இல்லை. எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனால் 'மரணத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் விரல் எங்கே இருந்தது என்று எழுத இடம் கிடையாது.

தலையை நிமிர்த்தினேன். அட்டையருகே மச்சான் நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் நீட்டியபடி. அப்புறம் மெல்லக் கீழே போனார். உட்கார்ந்தாரா, விழுந்தாரா என்று தெரியவில்லை. ஐம்பது கஜம் ஓடினேன். ஓடும்போது என் மனதில் இருந்தது அவர் முகம் இல்லை, மஞ்சள் தடவிய காகிதம். கல்யாணப் பத்திரிகைக்குப் பதிலாக வேறு எதை அச்சாபீசுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தாய்மாமன் வரிசைக்குப் பக்கத்தில் பெரிதாக இருந்த என் பெயரை நினைத்தேன். அவர் மார்பெல்லாம் ஏதோ வழிந்திருந்தது. கிட்டே போனதும்தான் அது வெள்ளை என்று தெரிந்தது. சிரட்டை கவிழ்ந்த பசை.

அவர் மஃப்ளரின் தொங்கும் முனையைக் கையில் பிடித்து, அதிலிருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே நாலு விரல் இருந்தால் அதிகம்.

"பத்திரிகை நனைஞ்சிட்டா பாரும் மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். நனைந்திருந்தது. விரிக்க முடியவில்லை.

சுபேதார் இதற்குள் துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தார். விரலை விட்டு வழித்தார். விரல் நுனியில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ இருந்தது. முகர்ந்தார். ராணுவத்தில் எத்தனையோ பார்த்திருப்பார். இதைப் பார்த்ததில்லை என்று முகம் சொன்னது.

"தேங்கா எண்ணெயா?"

ஆமாம் என்றேன். உறைந்த எண்ணெயில் கொக்கி சிக்கிக்கொண்டது, என் பேனா ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளி எழுப்பத் தெம்பு இல்லை, பிடிக்க ஆளில்லாத ஊசி நேரே போய்க் குண்டில் விழுந்தது. இதை அவர் எனக்கு விளக்கவில்லை. நானே புரிந்துகொள்கிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போல்ட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி. அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை.

யாரோ ஒருவர் அட்டையை எட்டிப் பார்த்து, குண்டு நட்டநடுக் கறுப்பில் விழுந்திருக்கிறது என்றார்.

மச்சான் வழக்கம்போல ஐந்தருவிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சாமிகள் கூட்டத்துக்குள் புகுந்து, விழுகிற தண்ணீருக்கு அடியில் போய் நின்றார். வெகுநேரம் வெளியே வரவில்லை. கரையில் அவர் துணியை வைத்துக்கொண்டு நின்ற நான், அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் இட்லி தின்றார்.

அடுத்த வாரம் என் அலுவலகத்துக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, ஒரு பாலிசி பாரம் கேட்டு வாங்கி நிரப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். தங்கையிடமும் சொல்லவில்லை. மஃப்ளரை எலி கடித்துவிட்டது என்று அவர் மனைவி அதே பச்சையில் நூல் தேடி இழையோட்டியதை என் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லப்போகிறார், இன்று சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே இருந்தேன், கல்யாண நாளும் வந்துவிட்டது. துப்பாக்கியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. பின்னால் ஒரு தேர்தல் வந்து, லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்ப வாங்கப் போகவில்லை.

கல்யாணத்தன்று தாலி ஏறியதும், பந்திக்கு இலை போடுகிற சந்தடியில், சமையல் பந்தலுக்குப் பின்னால் அவரைத் தனியாகப் பிடித்தேன். பட்டு வேட்டியும் வெற்றிலைச் சிவப்புமாக நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டதும், ஒரு மாதமாகப் பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்து, அழுகைதான் வந்தது. அந்தக் குண்டு நாலு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பந்தல் ஏது என்று ஏதோ உளறினேன்.

அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, என் கண்ணைத் தன் அங்கவஸ்திரத்தால் துடைத்தார்.

"அழாதீரும்வே, ஆளுக பாக்குதாங்க. அன்னைக்கு உம்ம துப்பாக்கிலேருந்து ஆறு குண்டு போச்சு. கறுப்புல விழுந்தது ஒண்ணே ஒண்ணு. அதையும் நீரு சுடல."